விசில் மாஸ்டரின் நேர்முக வர்ணனை

விசில் மாஸ்டர் டிவியில் பேசப் போகிறார் என்ற செய்தி வந்ததும் பள்ளிக்கூடத்தில் முதலில் சிரித்தவர் தலைமையாசிரியர்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விளையாட்டு வாத்தியாரான விசில் மாஸ்டரின் வாயிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வந்து பார்த்தவர்கள் அங்கே ரொம்பக் குறைவு. ஒரு விசில் என்றால் வரிசையில் நில். இரண்டு என்றால் ஓடு. நீளமாக ஒன்று அடித்தால், சுவர் ஏறிக் குதிக்கப் பார்க்கிறவன் தானாகவே இறங்கிவிடுவான். இதற்கு மேல் ஒரு மொழி எதற்கு என்று இருந்துவிட்ட மனுஷர்.

வீட்டில் விசில் கிடையாது, அங்கே 'ம்'. சாப்பாடு நன்றாக இருந்தால் ஒரு மாதிரி ம், உப்பு கூடிப்போனால் வேறு மாதிரி ம், கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன் என்பதற்குக் கொஞ்சம் இழுத்த ம். இதையெல்லாம் பிரித்துப் புரிந்துகொள்ள அவர் மனைவிக்குப் பல வருஷப் பழக்கம் இருந்தது. "அவர் பேசாட்டி என்ன, எனக்குத்தான் வாய் இருக்கே. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கிறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிற நாட்களும் உண்டு.

அவளுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வேலை. வாசல் பக்கம் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, முறை வந்ததும் உள்ளே அனுப்ப வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் 'டோக்கன் அக்கா'. பல்வலியோடு வருகிறவனுக்கு உலகமே எதிரி. அவனைச் சமாதானப்படுத்தி நாற்காலியில் உட்கார வைப்பது டோக்கன் கொடுப்பதைவிடப் பெரிய வேலை. அதற்காகவே டாக்டரம்மா எதிர்ச் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருந்தார். உள்ளே இயந்திரம் பல்லைக் குடைகிற சத்தம் வெளியே இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று, டிவி எப்போதும் சத்தமாகவே ஓடும்.

அந்த வருஷம் உலக விளையாட்டுப் போட்டி. கடல் தாண்டி எங்கோ ஒரு நகரத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் கூடி, ஓட்டம், நீச்சல், மல்யுத்தம், வில்வித்தை என்று காலையிலிருந்து ராத்திரி வரை நாள்கணக்கில் நடத்துகிற பெரிய கூத்து. இந்தத் தடவை எல்லா ஆட்டங்களையும் தமிழிலேயே சொல்லப் போகிறோம் என்று ஒரு சேனல் பெருமையாக அறிவித்துவிட்டது. ஓட்டத்துக்கும் கால்பந்துக்கும் பேச நான் நீ என்று ஆட்கள் நின்றார்கள். பளு தூக்குதலுக்கும் வேக நடைக்கும் ஆளில்லை. சேனலில் தயாரிப்பாளராக இருந்த பெண் மாஸ்டரிடம் படித்தவள். மாஸ்டர் பளு தூக்கும் போட்டிகளுக்கு நடுவராகப் பல ஊர்களுக்குப் போய் வந்தவர், விதிமுறை அத்தனையும் தலைகீழாகச் சொல்வார் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொல்வாரா என்பதுதான் மறந்துவிட்டது.

நேராக வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். "சார், நீங்க வெளிநாடெல்லாம் போக வேண்டாம். நம்ம ஸ்டுடியோவில ஒரு சின்ன ரூம், முன்னால ஒரு டிவி. படம் அங்கேருந்து வந்துட்டே இருக்கும். பார்த்துட்டே பேச வேண்டியதுதான்."

மாஸ்டர் "ம்" என்றார். அது சரி என்கிற 'ம்'மா, யோசிக்கிறேன் என்கிற 'ம்'மா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. டீ கொண்டுவந்த மனைவிதான் மொழிபெயர்த்தாள்: "வர்றேங்கிறார்மா."

முதல் நாள் பெண்கள் பளு தூக்குதல். அவள் மருத்துவமனைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் போய் ரிமோட்டைக் கைப்பற்றிக்கொண்டாள். காத்திருக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் ஒரு தையல்காரர். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடப்பதால் அடிக்கடி வந்துபோகிறவர், கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கியிருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு.

"வணக்கம்" என்றது மாஸ்டரின் குரல். அவள் டிவியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

அதற்கப்புறம் ஒரு நீண்ட மௌனம். மேடையில் ஒரு பெண் வந்து நின்று, குனிந்து, கம்பியைப் பிடித்தாள்.

"தூக்குகிறார்."

மௌனம்.

"தூக்கிவிட்டார்."

பளு தொம்மென்று கீழே விழுந்தது.

"வைத்துவிட்டார்."

தையல்காரர் வீங்கிய கன்னத்தோடு திரும்பினார். "இவர் என்ன, தந்தி அடிக்கிறாரா?"

"சத்தம் போயிடுச்சா, இல்ல ஆளே போயிட்டாரா?" என்றார் லாரி டிரைவர்.

"தூங்கிட்டார் போல. பக்கத்துல யாராவது இருந்தா தட்டி எழுப்புங்கப்பா!" என்றார் இன்னொருவர்.

வலியை மறந்து எல்லோரும் சிரித்தார்கள். டிவி மாட்டியதன் பலன் அன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. அவளுக்கு முகம் சிவந்து காது சூடாகிவிட்டது. "டோக்கன் ஒன்பது!" என்று தேவையில்லாமல் கத்தினாள். ஒன்பது ஏற்கெனவே உள்ளே வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கூடத்தில் உட்கார்ந்தார். அவள் டீயைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஆளை மாத்திடுவாங்க போல."

நாலு நாள் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டவர் மாதிரி டீயைக் குடிக்கத் தொடங்கினார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. சட்டைக் காலரின் பின்பக்கம் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. குளிர்பதன அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த மனுஷருக்கு இவ்வளவு வியர்வை.

"எனக்கு ஒண்ணுமே புரியலைங்க இன்னைக்கு" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து. "அந்தப் பொண்ணுங்க கையில வெள்ளையா மாவு மாதிரி என்னமோ தேய்ச்சுக்கிறாங்களே, அது எதுக்கு?"

"வழுக்காம இருக்க."

"சரி, கைக்கு வழுக்கக் கூடாது. தொடையிலயும்ல தடவிக்கிறாங்க. தொடையால தூக்கறாங்களா?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். இதை அவள் கவனித்திருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அது வேற பவுடர். கையில வழுக்கக் கூடாது, தொடையில வழுக்கணும். கம்பி தொடையை உரசிட்டுத்தானே மேல போகுது. உராய்ஞ்சா வேகம் குறைஞ்சிடும், தோலும் போயிடும்."

"ரெண்டும் வேற வேறயா! எனக்கு இத்தனை நாள் தெரியாதே. அப்புறம், தலைக்கு மேல தூக்கியாச்சு, சட்டுனு கீழ போட வேண்டியதுதானே? ஏன் நடுங்கிட்டே நிக்கறாங்க?"

"நின்னு காட்டணும். கை நேரா, கால் நேரா, ஆடாம. நடுவருங்க மூணு பேரும் பார்த்து, போதும், இறக்குன்னு சைகை வரணும். அதுக்கு முன்னால விட்டா தூக்கினதே செல்லாது." டீ டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "தூக்கறது பலம். நிக்கறதுதான் வித்தை."

"இதை ஏங்க அங்க சொல்லலை?"

"இதெல்லாம் யார் கேட்கப் போறாங்க?"

"நான் கேட்டேனே இப்ப" என்றாள். "ஊருக்கு எதுக்குப் பேசறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கேட்கறேன், நீங்க பதில் சொல்றீங்க. அவ்வளவுதான். மீதிப் பேர் ஒட்டுக் கேட்டுக்கட்டும்."

மறுநாள் காலை அவள் டோக்கன் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது டிவியிலிருந்து குரல் வந்தது. "இவங்க ஏன் கையிலயும் தொடையிலயும் வேற வேற பவுடர் தடவறாங்கன்னு உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நல்ல சந்தேகம். சொல்றேன்." எழுத்து நடையை விட்டுவிட்டார், கூடத்தில் டீ குடித்துக்கொண்டு பேசின குரல். கன்னம் வீங்கிய தையல்காரர் "அட" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் குனிந்து டோக்கனை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள். சிரிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு வேலை. டோக்கன் கொடுப்பது ஒன்று, கேள்வி சேர்ப்பது இன்னொன்று. "மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன சீசாவை முகர்ந்து பார்த்துட்டு முகத்தைச் சுளிக்கறாங்களே, அது என்னதுங்க?" "இடுப்புல அவ்வளவு அகலமா பெல்ட்டு எதுக்கு?" "ஜெயிச்சவ அழறா, தோத்தவ சிரிக்கறா, எனக்கென்னமோ மாத்திக் காட்டறாங்களோன்னு தோணுது." சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவர் பதில் சொல்வார். காய் நறுக்குகிறவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கத்தரிக்காயைக் கையில் பிடித்து, கம்பி எந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்பும் என்று காட்டுவார். அன்றைக்குச் சமையல் முடிய நேரமாகும். அவள் அவசரப்படவே மாட்டாள்.

கல்யாணமான புதுசில் அவர் இப்படித்தான் இருந்தார். வாயாடி இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்வார், சில நாள் சொல்ல வேண்டாததையும். அவள் வயிற்றில் பிள்ளை வளர்ந்த மாதங்களில் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் வயிற்றைப் பார்த்துச் சொல்வார். பிரசவம் சிக்கலாகி, அவளை மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்து, அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. அவள் கண் விழித்தபோது குழந்தை இல்லை. மூச்சுத் திணறல் என்றார்கள். பேர்கூட வைத்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தாங்க மாட்டாள், காட்டாமல் இருப்பதே நல்லது என்று பெரியவர்கள் முடிவு பண்ணி எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அன்றைக்கு மூடியதுதான். அதற்குப் பிறகு குழந்தை தங்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் அவர் உடைந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். வீட்டில் இரண்டு பேரும் அந்தப் பேச்சைச் சுற்றியே நடந்து நடந்து, அதற்கு ஒரு தடமே போட்டிருந்தார்கள்.

வேக நடைப் போட்டி அன்றைக்குத்தான் ஒரு சண்டை வந்தது. போட்டியாளர்கள் இடுப்பை ஆட்டி ஆட்டி வேகமாக நடந்துவருவதைப் பார்த்து, காத்திருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நடப்பதற்கெல்லாமா ஒரு போட்டி என்றார் ஒருவர். அப்போது மாஸ்டரின் குரல்: "சிரிப்பு வருது, இல்லையா? எனக்கும் முதல்ல வந்தது. ஒரு நேரத்துல ஒரு காலாவது தரையில இருந்தே ஆகணும். ஓடினா வெளியே அனுப்பிடுவாங்க. ஓடவும் கூடாது, மெல்லவும் போகக் கூடாது. இந்த நடையை நீங்க எங்கயோ பார்த்திருப்பீங்க. கடைக்குப் போன வீட்டுக்காரம்மா, அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு பாதி வழியில சந்தேகம் வந்து திரும்பி வருவாங்க பாருங்க. ஓடினா தெருவுல பார்க்கிறவங்க சிரிப்பாங்க, நடந்தா பால் பொங்கிடும். அந்த நடைதான் இது."

மருத்துவமனையே குலுங்கிச் சிரித்தது. உள்ளேயிருந்து டாக்டரம்மா, முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாருப்பா இவர்? பிரமாதமாப் பேசறாரே!" லாரி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா மட்டும் இப்ப இதைக் கேட்டா அவர் கதி அவ்வளவுதான்" என்றார்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள் அவள். வாய் தவறி வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பதிமூன்றுக்குப் பதில் பதினாறைக் கூப்பிட்டாள்.

தந்தி அடிக்கிறாரா என்று கேட்ட தையல்காரர் எழுந்து வந்து, மரத்துப்போன வாயால் "மன்னிச்சிக்கங்கக்கா, அன்னிக்கு என்னமோ உளறிட்டேன்" என்றார். வாய் மரத்திருந்ததால் அதுவும் உளறலாகத்தான் வந்தது.

சாயங்காலம் மாஸ்டர் வாசலில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "நாலு பேர் பார்க்கிற டிவியில என் நடையை ஏலம் போட்டுட்டு வர்றீங்களா?"

"உன் பேரைச் சொல்லலையே."

"பேரை வேற சொல்லணுமா? இந்தத் தெருவுல அடுப்பை மறக்கறவ வேற யாரு?"

"நல்லாத்தானே சொன்னேன்" என்றார். பிறகு மெதுவாக, "அழகா இருக்கும், நீ அப்படி வர்றது. ஜன்னல்லேருந்து பார்ப்பேன்."

அவள் அடுத்து என்ன திட்டுவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

போட்டி முடியப் போகிற கட்டத்தில், பளு தூக்குதலில் பெண்களின் கடைசிப் பிரிவு. அன்றைக்கு மருத்துவமனையில் நல்ல கூட்டம். பாதிப் பேர் பல்லுக்காக வந்தவர்கள், மீதிப் பேர் பல்லைச் சாக்கு வைத்து டிவிக்காக வந்தவர்கள் என்று டாக்டரம்மா கேலி செய்தார். போட்டியில் தூக்க வந்தவர்களில் ஒரு பெண்ணை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரி. கூட வந்தது ஒரே ஒரு பயிற்சியாளர். மற்றவர்களைவிட வயது கூடியவள். காதோரம் நரை தெரிந்தது. "இதுதான் இவங்களுக்குக் கடைசிப் போட்டி" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்க வேண்டிய முதல் பாதியை அந்தத் தீவுக்காரி அவ்வளவு சுத்தமாகச் செய்தாள். தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. இரண்டாவது பாதியில், முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே. முதல் வாய்ப்பில் தோளிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதில் மேலே போய்ப் பின்பக்கம் சரிந்தது. மிச்சமிருந்த மூன்றாவது வாய்ப்புக்கு வந்து நின்றாள். காத்திருந்தவர்களில் ஒருவர் கடித்திருந்த பஞ்சைத் துப்ப மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கம்பி தோளுக்கு வந்தது. அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுத்தாள். தலைக்கு மேலே போயிற்று. கைகள் நேராக நின்றன. கால்களைச் சேர்க்க வேண்டும். ஒரு கால் வந்தது. மற்றது வருவதற்குள் முழங்கை இளகி, பளு முன்பக்கம் விழுந்து உருண்டது. சிவப்பு விளக்குகள்.

அந்தப் பெண் அழவில்லை. குனிந்து, உருண்டுபோன கம்பியைக் கையால் நிறுத்தி, அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். காமிரா அவளை விடவில்லை.

"இப்ப ஒண்ணு சொல்லணும்" என்றது மாஸ்டரின் குரல். "முதல் பாதியில இவங்க அவ்வளவு அழகாத் தூக்கினாங்க, பார்த்தீங்க. அதுவும் இப்ப கணக்குல வராது. ரெண்டாவதுல ஒண்ணாவது நிக்கணும். நிக்கலைன்னா மொத்தமே கிடையாது. விதி அப்படி. நடுவரா உட்கார்ந்து நானும் எத்தனையோ பேருக்குச் சிவப்பு விளக்கு போட்டிருக்கேன்."

நிறுத்தினார். முதல் நாள் மாதிரியே மௌனம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"கணக்குல வரலைங்கிறதுக்காக, வரவே இல்லைன்னு ஆயிடாது. வந்தாங்க. தலைக்கு மேல தூக்கினாங்க. கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரம்னாலும் இருந்தது இருந்ததுதான். பார்க்காதவங்களுக்கு, பார்த்தவன்தான் சொல்லணும். நான் பார்த்தேன். அதனால சொல்றேன்."

அவள் கையில் டோக்கன் கட்டு இருந்தது. அதை மேஜை மேல் வைத்தாள். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவருக்கே இப்போதுதான் தெரிந்தது என்பதுபோல் அந்தக் குரல் கடைசியில் இறங்கியிருந்தது. அவர் பார்த்திருக்கிறார். குழந்தையைப் பார்த்திருக்கிறார். அவள் கண் மூடிக் கிடந்த அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இது ஏன் தனக்குத் தோன்றவே இல்லை?

உள்ளே போய், "டாக்டரம்மா, நான் கொஞ்சம் கிளம்பணும்" என்றாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்கவில்லை. "போயிட்டு வாங்க. டோக்கனை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

ஸ்டுடியோவுக்கு அவள் அதுவரை போனதில்லை. பஸ் பிடித்து, வழி கேட்டு, பெரிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றாள். நல்ல மதிய வெயில். மாஸ்டர் வெளியே வந்தபோது அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் ஆகலை. வாங்க."

பக்கத்தில் பஸ் நிறுத்தம். நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்தார்கள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அது போயிற்று.

"நீங்க அவளைப் பார்த்தீங்களா?" என்றாள்.

யாரை என்று அவர் கேட்கவில்லை. எதிர்ச் சாரியில் ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததையே பார்த்தார். "ம்" என்றார். அவள் அதுவரை கேட்டிராத ம் அது.

"தூக்கினீங்களா?"

"நர்ஸம்மா கொண்டுவந்து கையில கொடுத்துட்டாங்க. எப்படிப் பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியலை. அவங்கதான் என் முழங்கையை மடக்கி வச்சாங்க."

"ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"உங்க அக்கா சொன்னாங்க. பேச்சே எடுக்காதீங்க, மெல்ல மறந்துடுவான்னு. நானும் இன்னைக்கு வேண்டாம், அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு..." கையை விரித்தார். "நீயும் கேட்கலை. சரி, மறந்துட்டே போலன்னு நினைச்சேன்."

"மறந்துட்டேனா?"

"இல்லை" என்றார். "எனக்குத் தெரியும். இல்லை."

அவள் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பார்க்கலை. நீங்கதான் பார்த்தீங்க. சொல்லுங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெள்ளைத் துண்டு. ஓரத்துல பச்சைக் கரை. முகமும் ஒரு கையும்தான் வெளியே தெரிஞ்சுது. முடி நிறைய. ஈரமா நெத்தியில ஒட்டிட்டு இருந்துது. இடது காது மட்டும் நுனியில மடிஞ்சிருந்துது, நான் மெதுவா நீவி விட்டேன், திரும்பவும் மடிஞ்சிடுச்சு. உன் மோவாய். அப்படியே உன் மோவாய், நடுவுல அந்தக் குழியோட. நிறம் யார் மாதிரின்னு சொல்ல முடியலை, சிவந்து போயிருந்துது."

"கண்ணைத் திறந்தாளா?"

"ஒரு தடவை. வெளிச்சம் கூசிச்சோ என்னமோ, உடனே மூடிட்டா. நான் என் நிழல் முகத்துல விழற மாதிரி திரும்பி நின்னேன். அப்புறம்..." நிறுத்தினார். அவர் உதட்டோரம் ஏதோ செய்தது. அது சிரிப்பு என்று அவளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. "அப்புறம் ஒரு கொட்டாவி விட்டா. வாயை இவ்வளவு பெரிசாத் திறந்து. வந்து இன்னும் ஒரு வேலையும் பார்க்கலை, அதுக்குள்ள என்ன அலுப்போ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, இரண்டையும் சேர்த்தே செய்தாள். பஸ்ஸுக்கு வந்து நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டு நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றாள்.

"வலிச்சிருக்குமா அவளுக்கு?"

"தெரியலை. என் கையில இருந்த வரைக்கும் அழலை. விரலைப் பிடிச்சுட்டு இருந்தா. மூச்சு ஒரு மாதிரி இழுக்கவும் நர்ஸம்மா ஓடி வந்து வாங்கிட்டாங்க. அந்த விரலை விடுவிக்கறதுக்குத்தான்..." அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எந்த விரல் என்று கேட்டாள். ஆள்காட்டி விரல் என்றார். வலது கையா என்று கேட்டாள். வலது கை என்றார்.

இன்னும் நிறையக் கேட்டாள். நகம் இருந்ததா, கால் நீளமா, அவர் ஏதாவது பேசினாரா. பேசினாராம். பள்ளிக்கூடத்தில் அன்று காலை நடந்த ஓட்டப் பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று சொன்னாராம். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம். பஸ்கள் வந்து வந்து போயின. வெயில் பெஞ்சின் ஒரு முனையைத் தொட்டபோது இரண்டு பேரும் மறு முனைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

போட்டி முடிந்தது. நிறைவு விழாவைப் பேச வேறு பெரிய வர்ணனையாளர்கள் வந்துவிட்டதால் மாஸ்டருக்கு அன்றைக்கு வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் வரிசை கலைந்து ஒன்றாகக் கலந்து வந்தார்கள். அந்தத் தீவு நாட்டுப் பெண் எங்கேயாவது தெரிகிறாளா என்று அவள் தேடினாள். தெரியவில்லை. டிவியில் பேசினவர்கள் மூச்சுவிடாமல் பேசினார்கள். "என்னங்க இவங்க, இப்படிக் கொட்டறாங்க?" என்று அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அடுத்து வரப்போகும் ஒரு போட்டிக்கும் மாஸ்டர் வரவேண்டும் என்று தயாரிப்பாளர் பெண் போன் செய்தாள். மாஸ்டர் இந்தத் தடவை தானே வாய் திறந்து "வர்றேன்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவர் பழையபடி விசிலோடுதான் இருக்கிறார். திடீரென்று பேச்சாளராகிவிடவில்லை. வீட்டிலும் சில நாள் வெறும் ம் மட்டும்தான். ஆனால் சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலே, "அவ புருவம் ரொம்ப லேசா இருந்துது, இல்லாத மாதிரியே" என்பார். இத்தனை வருஷம் கழித்து இது எப்படி ஞாபகம் வந்தது என்று அவள் கேட்பதில்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடுவாள், அவர் நிதானமாகச் சொல்லட்டும் என்று.

ஒரு நாள் மருத்துவமனைக்கு ஒரு பெண் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்குப் பால் பல் ஆடுகிறது, தொடவிடமாட்டேன் என்று ஒரே அழுகை. அவள் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, குழந்தைக்குச் சமமாகக் குனிந்து, என்னவோ பேசி அழுகையை நிறுத்தினாள். தாய்க்கு ஆச்சரியம். "நல்லாச் சமாளிக்கறீங்கக்கா. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஒரு பொண்ணு" என்றாள். "பிறந்த அன்னைக்கே போயிட்டா."

அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றாள்.

"பரவாயில்லைமா, கேட்டதுல ஒண்ணும் தப்பில்லை. காது மடிஞ்சிருக்கும் அவளுக்கு, இந்த இடத்துல" என்று தன் இடது காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.